காஷ்மீர் ஏரிகளுக்கு நடக்கப் போகிறோம்: பெயர் கொடுக்கும் முன் கேட்கப்படும் கேள்விகள்

சோனாமார்கில் ஏறி நாராநாகில் இறங்கும் 'காஷ்மீர் கிரேட் லேக்ஸ்' நடைக்கு நண்பர்கள், நண்பர்களின் நண்பர்கள் என்று ஆள் சேர்த்துக்கொண்டு போகிறவர்கள் நாங்கள். கம்பெனி இல்லை, லாபமும் இல்லை. உள்ளூர் வழிகாட்டி, சமையல்காரர், குதிரைக்காரர்கள் உடன் வருவார்கள். அவரவர் பையை அவரவர்தான் சுமக்க வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் ஒவ்வொரு சீசனிலும் வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். எல்லாவற்றையும் படிக்கப் பொறுமை இல்லையென்றால், மெதுவாக நடப்பவர்களைப் பற்றிய கேள்வியையும் தலைவலி பற்றிய கேள்வியையும் மட்டுமாவது படித்துவிட்டுப் பெயர் கொடுங்கள்.

எந்த வழியாகப் போகிறோம்? எந்தெந்த ஏரிகள்?

சோனாமார்குக்குப் பக்கத்தில் இருக்கும் ஷிட்காடிதான் தொடக்கம். முதல் நாள் புல்வெளி ஏற்றம், பிறகு பூர்ஜ மரக் காடு, அதைத் தாண்டி ஓடைக்கரையோடு நிச்சனாய் கேம்ப். சுமார் 3,500 மீட்டர் உயரம். இரண்டாம் நாள் 4,000 மீட்டரை ஒட்டிய நிச்சனாய் கணவாயைக் கடந்தால் விஷன்சர் ஏரி. அங்கே ஒரு நாள் தங்கல். மேலே கொஞ்ச தூரம் ஏறினால் கிஷன்சர் ஏரி.

நான்காம் நாள்தான் இந்த நடையின் உச்சி. கிஷன்சர் கரையிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் ஒற்றையடிப் பாதை கட்சர் கணவாயில், சுமார் 4,200 மீட்டரில், போய் நிற்கும். மூச்சு வாங்கித் திரும்பிப் பார்த்தால் விஷன்சரும் கிஷன்சரும் ஒன்றுக்கு மேல் ஒன்றாகக் காலடியில் கிடக்கும். புகைப்படங்களில் நீங்கள் பார்த்து மயங்கிய காட்சி அனேகமாக அதுதான். மறுபக்கம் இறங்கினால் பூக்கள் நிறைந்த பள்ளத்தாக்கும் கட்சர் ஏரியும். அடுத்த நாள் சத்சர். பெயரில் ஏழு ஏரி இருந்தாலும் சீசன் கடைசியில் சிலது வற்றி வெறும் குட்டையாக இருக்கும், ஏமாந்துபோகாதீர்கள். பிறகு பாறைக் குவியல்களைத் தாண்டி ஜாஜ் கணவாய். அதன் உச்சியிலிருந்து ஹர்முக் சிகரமும் (5,142 மீட்டர்) அடியில் கங்காபல், நுந்த்கோல் ஏரிகளும் ஒரே பார்வையில் தெரியும். கடைசி நாள் நாராநாகுக்கு இறக்கம்.

மொத்தம் 70 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். நடக்கும் நாட்களும் தங்கலும் சேர்த்து ஒரு வாரம். போக வர, ஸ்ரீநகரில் தங்க, மழைக்காக ஒதுக்கி வைக்க என்று பார்த்தால் அலுவலகத்தில் 12 நாள் லீவு கேளுங்கள்.

ஏரித் தண்ணீர் உண்மையிலேயே அந்த நிறமா, இல்லை போட்டோவில் ஏற்றிய வண்ணமா?

உண்மைதான், ஆனால் எல்லா நேரமும் இல்லை. இந்த ஏரிகள் பனிப்பாறைகள் மலைச்சரிவில் குடைந்த கிண்ணங்களில் தேங்கியவை. பனிப்பாறை நகரும்போது அடியில் இருக்கும் கல்லை மாவாக அரைத்துவிடும். அந்தத் துகள் தண்ணீரில் படியாமல் மிதந்துகொண்டு வெயிலில் நீலத்தையும் பச்சையையும் சிதறடிக்கும். மேகம் மூடினால் அதே ஏரி ஈயப் பாத்திரம் மாதிரி சாம்பலாகிவிடும். காலை பத்து மணி வெயிலில் ஒரு நிறம், நாலு மணிக்கு இன்னொரு நிறம். விஷன்சரில் ஒரு நாள் தங்குவதால் கிடைக்கும் உபரி லாபம் இது.

எந்த மாதம் நல்லது?

ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரை. ஜூலை தொடக்கத்தில் கணவாய்களில் பனி கிடக்கும், ஏரிகளில் பனிக்கட்டிகள் மிதக்கும். பார்க்க அழகு, நடக்கச் சிரமம். பூக்களுக்கு ஜூலை கடைசியும் ஆகஸ்டும். தெளிந்த வானத்துக்கு செப்டம்பர், ஆனால் புல் பழுத்துவிடும், இரவுகள் உறையும்.

'ஆகஸ்டில் மழை கொட்டாதா?' என்று நம் ஊர்க்காரர்கள் கேட்கிறார்கள். பீர் பஞ்சால் மலைத்தொடர் பருவமழையில் பெரும்பங்கைத் தடுத்துவிடுவதால் இமாசல், உத்தராகண்ட் அளவுக்கு இங்கே கொட்டாது. அதற்காக மழையே வராது என்று நினைக்க வேண்டாம். இரண்டு நாள் விடாமல் தூறுவது இங்கே சாதாரணம்.

அங்கே போவது பாதுகாப்பா? அனுமதி வேண்டுமா?

2025 ஏப்ரலில் நடந்த பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு காஷ்மீரில் பல சுற்றுலா இடங்களை அரசு மூடியது. பிறகு படிப்படியாகத்தான் திறந்தார்கள். அதனால் இந்த நடைக்கு அனுமதி உண்டா என்பதை ஒவ்வொரு சீசனிலும் புதிதாகக் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் டிக்கெட் போடுகிறோம். திறந்திருக்கிறது என்று போன வருஷம் யாரோ சொன்னது கணக்கில் வராது.

வழியில் ராணுவ முகாம்கள் உண்டு. அசல் அடையாள அட்டையைக் காட்டிப் பெயர் பதிய வேண்டும். ஆதார் ஒரிஜினலோடு இரண்டு நகலும் கொண்டு வாருங்கள், போனில் இருக்கும் படத்தை நம்பி வராதீர்கள். முகாமையோ வீரர்களையோ படம் எடுக்காதீர்கள். டிரோன் கொண்டுவரவே வேண்டாம். சாட்டிலைட் போன், சாட்டிலைட் மூலம் செய்தி அனுப்பும் கருவிகள் எல்லாம் இந்தியாவில் உரிமம் இல்லாமல் வைத்திருப்பதே குற்றம். வெளிநாட்டிலிருந்து வரும் நண்பர்கள் இதைக் கவனியுங்கள், விமான நிலையத்திலேயே பிடித்துவிடுவார்கள்.

சென்னையிலிருந்து எப்படிப் போவது?

விமானம் என்றால் பெரும்பாலும் டெல்லியில் மாறி ஸ்ரீநகர். ரயில் பிரியர்களுக்கு இப்போது நல்ல காலம். 2025 ஜூனில் கத்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு வந்தே பாரத் ஓடத் தொடங்கிவிட்டது, செனாப் பாலத்தின் மேல் போகும். சென்னையிலிருந்து கத்ராவுக்கு அந்தமான் எக்ஸ்பிரஸ் இருக்கிறது, திருநெல்வேலியிலிருந்தும் நேரடி ரயில் உண்டு. உட்கார்ந்தே முதுகு வலித்துவிடும் என்பதால் போகும்போது விமானம், வரும்போது ரயில் என்று வைத்துக்கொள்வது நல்லது.

ஸ்ரீநகரிலிருந்து சோனாமார்க் 80 கிலோமீட்டர். வண்டி பேசி வைத்திருப்போம். அங்கே இரண்டு இரவு தங்குவோம். 'ஏன் ஒரு நாள் வீண்?' என்று கேட்பவர்களுக்குப் பதில் தலைவலிக் கேள்வியில் இருக்கிறது.

நான் ஜிம்முக்கே போனதில்லை. வரலாமா?

ஜிம் தேவையில்லை. 5 கிலோமீட்டரை 40 நிமிடத்துக்குள் ஓடியோ, ஓட்டமும் நடையுமாகவோ முடித்துவிட்டு, அதற்குப் பிறகு சாதாரணமாகப் பேச முடிகிறதா? வாருங்கள். முடியவில்லையென்றால் மூன்று மாதம் இருக்கிறது, இன்றைக்கே தொடங்குங்கள்.

மாடிப்படிதான் சென்னைக்காரர்களுக்கு மலை. பையில் தண்ணீர் பாட்டில்களை அடுக்கி 8 கிலோ ஆக்கிக்கொண்டு ஏறி இறங்குங்கள். லிஃப்டில் இறங்கக் கூடாது. ஏற்றத்துக்கு நுரையீரல் போதும், இறக்கத்துக்குத்தான் தொடையும் முழங்காலும் வேண்டும். நாராநாக் இறக்கம் ஒரே நாளில் ஆயிரம் மீட்டருக்கு மேல், பைன் மரக் காட்டுக்குள் செங்குத்தாகப் போகும். முந்தைய நாள்வரை பாட்டுப் பாடிக்கொண்டு வந்தவர்கள் அங்கேதான் பக்கவாட்டில் நண்டு நடை நடப்பார்கள். வார இறுதியில் பர்வதமலையோ கொல்லிமலை அருவிப் படிகளோ ஏறி இறங்கிப் பாருங்கள், உங்கள் முழங்கால் என்ன சொல்கிறது என்று தெரிந்துவிடும்.

நான் மெதுவாகத்தான் நடப்பேன். மற்றவர்களுக்குத் தொந்தரவாகிவிடுமே?

எங்களுக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. இதைக் கேட்பவர்களால் ஒரு தொந்தரவும் வந்ததில்லை. 'நான் ஃபாஸ்ட்டா நடப்பேன், வெயிட் பண்ண மாட்டேன்' என்பவர்களால்தான் வரும்.

குழு நடையில் வழக்கமாக என்ன நடக்கிறது தெரியுமா? முன்னால் போகிறவர்கள் ஒரு பாறையைப் பார்த்து உட்காருவார்கள். கால் மணி நேரம் இளைப்பாறி, கடலை மிட்டாய் தின்று, படம் எடுத்து முடிப்பார்கள். கடைசி ஆள் வியர்த்து விறுவிறுத்து வந்து சேருவார். 'வந்துட்டாங்களா? சரி, கிளம்பலாம்' என்று எல்லோரும் எழுந்துவிடுவார்கள். நன்றாக நடப்பவருக்கு ஓய்வு மேல் ஓய்வு, ஓய்வு தேவைப்படுகிறவருக்கு ஒன்றும் இல்லை. நாள் முழுக்க இப்படிப் போனால் அவர் சாயங்காலம் சாப்பிட மாட்டார், ராத்திரி தூங்க மாட்டார், மறுநாள் காலையில் நோயாளியாக எழுவார். அவருடைய உடம்பில் குறை இல்லை, நம் ஏற்பாட்டில்தான் குறை.

அதனால் எங்கள் விதி இது. வழிகாட்டிக்கு அடுத்து, இரண்டாவது ஆளாக, மெதுவாக நடப்பவர் போவார். அவருடைய வேகம்தான் குழுவின் வேகம். அவரை யாரும் தாண்டக் கூடாது. கடைசியில் அனுபவமுள்ள ஒருவர் வருவார், அவருக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது. ஓய்வு நேரம், கடைசி ஆள் பையை இறக்கி வைத்த நிமிடத்திலிருந்துதான் கணக்கு. முதல் நாள் வேகக்காரர்கள் முணுமுணுப்பார்கள். கட்சர் கணவாய் ஏறும் நாளில் யாரும் முணுமுணுக்க மாட்டார்கள், மூச்சு இருக்காது.

இந்த விதி பிடிக்கவில்லையென்றால் தனியாகவோ வேறு குழுவோடோ போவதுதான் உங்களுக்கும் நல்லது, எங்களுக்கும் நல்லது. கோபமில்லை.

தலைவலி வந்தால் மாத்திரை போட்டுக்கொண்டு நடக்கலாமா?

கூடாது. அது உயரத்தால் வரும் நோயின் அறிகுறியாக இருக்கலாம். முதலில் சொல்லுங்கள், பிறகு மாத்திரை.

3,000 மீட்டருக்கு மேல் படுக்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது மலை மருத்துவத்தின் பொது விதி. இந்த வழியில் முதல் நாளே அது உடைகிறது. சோனாமார்க் சுமார் 2,700 மீட்டர், நிச்சனாய் 3,500. ஒரே நாளில் 800 மீட்டர் மேலே போய்ப் படுக்கிறோம். அதற்கு ஈடுகட்டத்தான் சோனாமார்கில் இரண்டு இரவு, நடுவில் தஜிவாஸ் பனிப்பாறை பக்கம் ஒரு நடை.

இன்னொரு சங்கடம் பலருக்குத் தெரியாது. உயரத்தால் வரும் நோய்க்கு முதல் மருந்து கீழே இறங்குவது. ஆனால் விஷன்சரில் ஒருவருக்கு உடம்பு முடியாமல் போனால் சோனாமார்குக்குத் திரும்ப நிச்சனாய் கணவாயை மறுபடி ஏற வேண்டும். இறங்குவதற்கே முதலில் 300 மீட்டர் ஏற வேண்டும் என்பது இந்த வழியின் பொறி. கட்சர் கணவாயைத் தாண்டிய பிறகு பின்வாங்குவது இன்னும் கஷ்டம். ஆக, சந்தேகம் இருந்தால் முடிவு எடுக்க வேண்டிய இடம் நிச்சனாய். அங்கிருந்து ஷிட்காடிக்குப் பெரும்பாலும் இறக்கம்தான்.

தினமும் இரவுச் சாப்பாட்டுக்கு முன் ஒவ்வொருவரையும் நான்கு விஷயம் கேட்போம்: தலைவலி, குமட்டல் அல்லது பசியின்மை, அசதி, தலைச்சுற்றல். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை எண் சொல்ல வேண்டும். லேக் லூயிஸ் மதிப்பெண் என்று மருத்துவர்கள் பயன்படுத்துவதுதான். தலைவலியோடு சேர்த்து மொத்தம் 3 அல்லது அதற்கு மேல் வந்தால் மறுநாள் நீங்கள் மேலே ஏறுவதில்லை. எல்லோர் முன்னாலும் எண் சொல்வதில் ஒரு நன்மை: பக்கத்து டென்ட்காரர் 'அண்ணா, நீங்க ராத்திரி ரெண்டு தடவை வாந்தி எடுத்தீங்களே' என்று போட்டுக் கொடுத்துவிடுவார்.

உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, விடாத இருமல், நுரை கலந்த சளி என்றால் நுரையீரலில் நீர். குதிகாலும் கட்டைவிரலும் ஒட்ட வைத்து நேர்க்கோட்டில் நடக்கச் சொன்னால் தள்ளாடுவது, பேச்சு குழறுவது என்றால் மூளையில் வீக்கம். இரண்டுமே உயிரை எடுக்கும். அப்போது பொழுது விடியட்டும் என்று காத்திருப்பதில்லை.

உயர நோய்க்கான டயமாக்ஸ் மாத்திரை போட்டுக்கொள்ளலாமா?

உங்கள் மருத்துவரைக் கேளுங்கள். முன்தடுப்புக்கு வழக்கமாக 125 மி.கி. காலையிலும் மாலையிலும், ஏறுவதற்கு முந்தைய நாளிலிருந்து. விரல் நுனி மரமரக்கும், அடிக்கடி சிறுநீர் வரும். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் கட்டாயம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். இது நோயைக் குறைக்கும் மாத்திரை, வேகமாக ஏறுவதற்கான லைசென்ஸ் இல்லை. ஆக்ஸிமீட்டர் ஒன்று எங்களிடம் இருக்கும், ஆனால் குளிரில் விரைத்த விரலில் அது காட்டும் எண்ணைவிட நீங்கள் சொல்லும் எண்ணைத்தான் நம்புவோம்.

ஒருவர் இறங்க வேண்டிவந்தால் யார் கூடப் போவது?

புறப்படும் முன்பே எல்லோரையும் ஜோடி சேர்த்துவிடுவோம். உங்கள் ஜோடி இறங்கினால் நீங்களும் இறங்குகிறீர்கள், உள்ளூர் ஆள் ஒருவரும் வருவார். கணவன் மனைவி, நெருங்கிய நண்பர்கள் என்று வைத்துக்கொண்டால் மனத்தாங்கல் குறைவு. முன்பின் தெரியாதவரோடு ஜோடி சேர்ந்தாலும் விதி அதேதான். குதிரை, வண்டி, ஓட்டல் என்று இறங்கும் செலவு முழுவதும் பொது நிதியிலிருந்து. செலவை நினைத்து யாரும் வலியை மறைக்கக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு.

இறங்குவதா வேண்டாமா என்று குழுவில் ஓட்டெடுப்பு நடத்துவதில்லை. வழிகாட்டி வேண்டாம் என்றால் வேண்டாம்.

பை எவ்வளவு பெரியது? என்னென்ன வைப்பது?

50 முதல் 60 லிட்டர் பை, இடுப்புப் பட்டை அவசியம். எடை தோளில் தொங்கக் கூடாது, இடுப்பில் உட்கார வேண்டும். டென்ட்டும் சமையல் சாமானும் குதிரையில் வரும். உங்கள் துணி, ஸ்லீப்பிங் பேக், மேட், தண்ணீர், தின்பண்டம் எல்லாம் சேர்த்து 10 கிலோவைத் தாண்டினால் பையைக் கொட்டி மறுபடி அடுக்குங்கள்.

துணி விஷயத்தில் ஒரே பிடிவாதம்: பருத்தி வேண்டாம். நம் ஊருக்கு அது வரம், அங்கே வியர்வையில் நனைந்தால் உலராது, காற்று அடித்ததும் உடம்பு வெடவெடக்கும். ஜீன்ஸ் அதைவிட மோசம். உலரும் துணியில் இரண்டு செட், ஒரு ஃப்ளீஸ் மேலாடை, இறகோ செயற்கை இழையோ திணித்த ஒரு ஜாக்கெட், பையையும் சேர்த்து மூடும் மழைப் போஞ்சோ, குல்லா, கையுறை. தூங்குவதற்கென்று ஒரு செட் துணியையும் காலுறையையும் பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள், எவ்வளவு நனைந்தாலும் பகலில் அதைத் தொடக் கூடாது. ஆகஸ்டிலேயே இரவு 5 டிகிரிக்குக் கீழே இறங்கும்.

வெயிலை மறக்காதீர்கள். குளிர்ப் பிரதேசம்தானே என்று தொப்பி இல்லாமல் வந்து, மூக்குத் தோல் உரிந்து போகிறவர்கள் நம் ஆட்கள்தான்.

புது ஷூ வாங்கிவிட்டேன். ஊருக்குப் போகும்போதுதான் பிரிக்கப் போகிறேன்.

இன்றைக்கே பிரியுங்கள். குறைந்தது 50 கிலோமீட்டராவது நடந்து பழக்குங்கள். கணுக்காலை மூடும் ஷூ, அரை சைஸ் பெரியது, இறக்கத்தில் விரல் நுனி முட்டாமல் இருக்க. பழைய ஷூவாக இருந்தால் அடிப்பாகத்தைக் கையால் பிரித்துப் பாருங்கள். பல வருஷம் அலமாரியில் கிடந்த ஷூவின் பசை மலையில் இரண்டாம் நாள் வாயைப் பிளக்கும்.

விமானத்தில் எதெல்லாம் விட மாட்டார்கள்?

பவர் பேங்க் கைப்பையில் மட்டும். ட்ரெக்கிங் ஸ்டிக், கத்தி செக்-இன் பையில் மட்டும். லைட்டர், கேஸ் கேன் எதிலுமே கூடாது. மேலே சார்ஜ் போட வழி இல்லை. ராத்திரியில் போனையும் பேட்டரியையும் ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துக்கொண்டு தூங்குங்கள், குளிரில் சார்ஜ் தானாக இறங்கிவிடும்.

போன் வேலை செய்யுமா?

வெளி மாநில ப்ரீபெய்ட் சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்ட் வேண்டும். அதுவும் சோனாமார்க் வரைதான். அதற்குமேல் போன் வெறும் கேமரா. 'ஒரு வாரம் போன் வராது' என்று வீட்டில் முன்பே சொல்லிவிடுங்கள். வழியில் எங்கேயாவது கிடைக்கும் என்று சொல்லிவிட்டு வராதீர்கள், அம்மா மூன்றாம் நாள் போலீஸுக்குப் போன் போட்டுவிடுவார்.

சாப்பாடு? சோறு கிடைக்குமா?

கிடைக்கும். காஷ்மீரிகளும் சோறு தின்கிறவர்கள்தான். ஆனால் 3,600 மீட்டரில் தண்ணீர் 88 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் எவ்வளவு நேரம் வைத்தாலும் அரிசி நறுக்கென்றே இருக்கும், பருப்பு கரையாது. அதனால் குக்கரைக் குதிரையில் ஏற்றிக்கொண்டு போகிறோம். காலையில் சப்பாத்தியோ உப்புமாவோ கஞ்சியோ, இரவில் சோறு, ராஜ்மா அல்லது பருப்பு, ஏதாவது ஒரு காய். அங்கே பசி குறையும், ருசியும் தெரியாது. பருப்புப் பொடி, ஊறுகாய், வறுத்த மோர் மிளகாய் கொண்டு வருகிறவர்களைச் சமையல் டென்ட்டில் ராஜமரியாதையோடு நடத்துவோம். இரவு சாப்பிட மாட்டேன் என்று யார் சொன்னாலும் அது அறிகுறிக் கணக்கில் சேரும்.

டென்ட்டுக்குள் அடுப்பு பற்ற வைக்காதீர்கள், குளிருக்காகக்கூட. தீப்பிடிப்பது ஒரு பக்கம், கார்பன் மோனாக்சைடு இன்னொரு பக்கம்.

ஓடைத் தண்ணீரை அப்படியே குடிக்கலாமா?

பளிங்கு மாதிரிதான் இருக்கும். மேலே நூறு ஆடு மேய்ந்துகொண்டிருக்கும். காய்ச்சிய தண்ணீர் தருவோம், நடுவழியில் நிரப்பினால் குளோரின் மாத்திரை போட்டு அரை மணி நேரம் பொறுங்கள். ஒரு நாளைக்கு 3 லிட்டராவது குடிக்க வேண்டும்.

கழிப்பறை? மாதவிடாய் வந்தால்?

குழி தோண்டிய டென்ட் இருக்கும், ஏரியிலிருந்தும் ஓடையிலிருந்தும் 60 மீட்டராவது தள்ளி. உபயோகித்ததும் மண் போட்டு மூடுங்கள். ஈரத் துடைப்பான் தாள்கள் மக்காது, அவற்றைக் குழியில் போடாதீர்கள்.

மாதவிடாய் வந்தால் நடக்கத் தடையில்லை. இடம், உயரம், குளிர் மாறுவதால் தேதி தள்ளியோ முந்தியோ வரலாம், ஆகவே தேதி இல்லாவிட்டாலும் பேட் கொண்டு வாருங்கள். உபயோகித்ததைச் செய்தித்தாளில் சுற்றி, இருட்டு நிற ஜிப் பையில் போட்டு உங்களோடே கீழே கொண்டு வர வேண்டும். வலி மாத்திரை போட்டிருந்தால் இரவு எண் சொல்லும்போது அதையும் சொல்லுங்கள், தலைவலியை அது மறைத்துவிடும்.

ஏரியில் குளிக்கலாமா? மீன் பிடிக்கலாமா?

முகம் கழுவுங்கள், காலை நனையுங்கள். நீந்த அனுமதி இல்லை. பனி உருகிய தண்ணீரில் குதித்ததும் தன்னையறியாமல் ஒரு பெருமூச்சு இழுப்போம், அந்த மூச்சில் தண்ணீர் உள்ளே போனால் நல்ல நீச்சல்காரருக்கும் கதை முடிந்தது. அதோடு கங்காபல் காஷ்மீரப் பண்டிதர்களுக்குப் புனித ஏரி. முன்னோரின் அஸ்தியைக் கரைக்கும் இடம். அங்கே சோப்பு போட்டுக் குளிப்பதும் பாட்டு வைத்துக்கொண்டு ஆடுவதும் வேண்டாம்.

டிரவுட் மீன் நிறைய உண்டு. ஆங்கிலேயர் காலத்தில் கொண்டுவந்து விட்டது. பிடிக்க மீன்வளத் துறையின் பெர்மிட் வேண்டும்.

ஓடைகளை எப்படிக் கடப்பது?

காலையில். மேலே பனி வெயிலில் உருகி வருவதால் முழங்கால் அளவில் இருந்த ஓடை மாலையில் தொடைவரை ஏறும். பையின் இடுப்புப் பட்டையையும் மார்புப் பட்டையையும் கழற்றிவிட்டு இறங்குங்கள். தவறி விழுந்தால் பையை உதற முடிய வேண்டும். வெறுங்காலில் கூடாது, செருப்பு மாட்டிக்கொள்ளுங்கள். தண்ணீர் வரும் திசையைப் பார்த்துக்கொண்டு பக்கவாட்டில் நகருங்கள். கட்சர் பக்கம் பனிப்பாலங்கள் இருக்கும், அடியில் ஓடை அரித்துக்கொண்டே இருக்கும். வழிகாட்டி மிதித்த இடத்தில் மட்டும் மிதியுங்கள், மேலே நின்று செல்ஃபி வேண்டாம்.

மிருகங்கள்?

கரடி உண்டு, பார்ப்பது அபூர்வம். அட்டைப்பூச்சி கிடையாது. பயப்பட வேண்டியது ஆட்டு மந்தையின் நாய்களுக்கு. பக்கர்வால் மேய்ப்பர்கள் கோடையில் குடும்பத்தோடு இங்கே மேலே வந்து தங்குவார்கள். அவர்களுடைய நாய்கள் கரடியையே விரட்டும். மந்தையைச் சுற்றிக்கொண்டு போங்கள், ஆட்டுக்குட்டியைக் கொஞ்சப் போகாதீர்கள். அவர்களுடைய கல் குடிசைகளில் உப்புத் தேநீர் கொடுத்தால் வாங்கிக் குடியுங்கள். அனுமதி கேட்காமல் பெண்களையும் குழந்தைகளையும் படம் எடுக்காதீர்கள்.

நாராநாகில் என்ன இருக்கிறது?

எட்டாம் நூற்றாண்டில் லலிதாதித்தன் காலத்தோடு தொடர்புபடுத்தப்படும் கல் கோயில்களின் இடிபாடுகள், நடுவில் ஊற்றுத் தண்ணீர்க் குளம். முழங்கால் வலியில் பலர் பார்க்காமலே வண்டியில் ஏறிவிடுகிறார்கள். வண்டிக்காரரிடம் அரை மணி நேரம் கேட்டு வாங்கி வைத்திருப்போம்.

மது?

உயரத்தில் கூடாது. கடைசி நாள் ஸ்ரீநகரில் என்ன செய்கிறீர்கள் என்று நாங்கள் கேட்பதில்லை.

வழி மூடிவிட்டால் கட்டிய பணம் திரும்பக் கிடைக்குமா?

செலவழிக்காத பணம் முழுவதும் திரும்ப வரும். வழிகாட்டி, குதிரைக்காரருக்குக் கொடுத்த முன்பணம் திரும்ப வராது. அவர்களுக்கு வருஷத்தில் சம்பாத்தியம் இந்த இரண்டு மாதம்தான், அதைக் கேட்டு வாங்கவும் மாட்டோம். விமான டிக்கெட் உங்கள் பொறுப்பு, தேதி மாற்றக்கூடியதாகப் போடுங்கள். பயணக் காப்பீடு எடுத்தால் 4,200 மீட்டர் உயரத்தில் நடப்பதற்கு அது பொருந்துமா என்று பாலிசியில் படித்துப் பாருங்கள், பலவற்றில் உயர வரம்பு இருக்கிறது. காப்பீட்டு எண்ணையும் ரத்த வகையையும் அவசரத்துக்கு அழைக்க வேண்டிய வீட்டு எண்ணையும் ஒரு தாளில் எழுதி, பையின் மேல் ஜிப்பில் வையுங்கள். ஜோடிக்கும் ஒரு நகல் கொடுங்கள்.